ரெங்கசாமி எழுதிய எண்கள்

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்த மறுநாள் காலை, மழித்த தலையோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தான் லோகன். உதவியாளர் குமுதா அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து அவன் முதுகைத் தடவினார்.

"சாப்பிட்டியா தம்பி? மூஞ்சியெல்லாம் வத்திப்போச்சு லா. உன் சாமான ஒண்ணும் கெட்டுப்போவ விடல. குளிர் அறையில உன் டியூப்பெல்லாம் பூஞ்சை பூத்துக் கெடந்துச்சு. ஒண்ணு விடாம எடுத்துத் தொடச்சு, தட்டையும் கழுவி, திரும்ப அடுக்கி வச்சிருக்கேன்."

"எதால தொடச்சீங்கக்கா?"

"எதாலயா? இங்க வேற எதால தொடப்பாங்க? ஆல்கஹால்தான்."

லோகன் குளிர் அறைக்கு ஓடினான். முப்பத்திரண்டு குழாய்களும் பளிச்சென்று நின்றன. உள்ளே கறுத்த மண். வெளியே ஓர் எழுத்து இல்லை, ஓர் எண் இல்லை.

பங்சாருக்கு அந்தப் பக்கம், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது அந்த ஆய்வகம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எந்த இடத்தில், எதைத் தின்று, யாரோடு கூடி வாழ்கின்றன என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. உடன் ஆராயும் ரிஷி கிள்ளான் ஆற்றில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளில் ஒட்டி வாழ்பவற்றைத் தேடினான். லோகனுக்கு வாய்த்தது சதுப்பு மண். அதில் மீத்தேன் வாயுவைத் தின்று பிழைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. ஆழத்துக்கு ஆழம் குடித்தனம் மாறும். எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் என்பது தெரியாவிட்டால் அது ஆராய்ச்சி மண்ணே இல்லை, வெறும் சேறு.

மண்ணை எடுத்தவரே குழாயில் எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆல்கஹாலுக்கு அழியாத பேனா ஒன்று ஒவ்வொரு மேசையிலும் கயிற்றில் கட்டித் தொங்கும். சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது அதைத்தான்.

லோகனுக்கு அந்த மண்ணை எடுத்தவர் அவன் அப்பா ரெங்கசாமி. ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் உழைத்து, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆனவர். வெட்டிப் போட்ட பழக்குலையின் தண்டில் வெட்டியவனின் எண்ணை எழுதுவது அவர் வேலை. மகன் பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டவர்.

போன வருடம் தோட்டத்து ஓரச் சதுப்பில் அவரே முன்னால் நடந்தார்.

"நான் கால் வச்ச எடத்துல வை. இல்லன்னா இடுப்பு வரைக்கும் எறங்கிடும். ஏன்டா, மண்ணு அள்ளவா பிஎச்டி? சொல்லியிருந்தா ஒரு லோரி நெறையக் கொண்டாந்து கொட்டியிருப்பேனே!"

"ஒரு லோரி வேணாம்பா. முப்பத்திரண்டு கரண்டி போதும்."

"அவ்ளோதானா? இதுக்கா அஞ்சு வருசம்?"

நான்கு குழி, குழிக்கு எட்டு ஆழம். லோகன் ஆய்வகப் பேனாவை நீட்டியபோது ரெங்கசாமி சட்டைப் பையிலிருந்து தன் நீலப் பேனாவை எடுத்துவிட்டார்.

"இது பச்சத் தண்டுலயே நிக்குது. உன் பிளாஸ்டிக்குல நிக்காதா?"

ஆல்கஹால் பட்டால் நிற்காது என்று லோகனுக்குத் தெரியும். அப்பாவின் பேனாவைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இழுத்து, நிதானமாக, குலைக்கு எழுதுவதுபோலவே எழுதினார். ஆய்வகத்தில் போய் வேறு சீட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று லோகன் நினைத்தான். ஒட்டவில்லை. ஒட்டினால் அந்த எழுத்து மறைந்துவிடும். இந்த வெள்ளி, அடுத்த வெள்ளி என்று தள்ளிப்போட்டான். அதற்குள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிள்ளான் மருத்துவமனைக்குப் போன அப்பா திரும்பவில்லை.

பேராசிரியர் டாக்டர் ஜனகா குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டிஎன்ஏ பார்த்தா உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடலாம், லோகன். எந்தக் குழின்னு யார் சொல்றது?"

அவன் அடுத்த குழாயை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"திரும்ப எடுக்க ஏலாதா?"

"செம்மண்ண கொட்டி மூடிட்டாங்க டாக்டர். ஃபேக்டரி வருது."

"தெரியும். கேட்டுப் பார்த்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரில்லாதத இங்க வைக்கக் கூடாது. தெரியும்தானே?"

தெரியும். வேறொருவர் எடுத்துத் தப்பாகப் பயன்படுத்திவிடுவார் என்பதற்காக வைத்த விதி. போன வருடம் ரிஷியின் பெயரில்லாத நுண்ணுயிர்த் தட்டுகளைக் கொண்டுபோய் நீராவியில் வைத்துக் கொன்றவனே லோகன்தான். ரிஷி ஒரு வாரம் அவனை 'எமதர்மன்' என்றே கூப்பிட்டான்.

குமுதா அக்கா கதவோரத்தில் நின்று அழுதார். "என்னைத் திட்டிடு தம்பி. ரெண்டு வார்த்தை திட்டிடு."

"நீங்க செய்ய வேண்டியதத்தான் செஞ்சீங்கக்கா. நாந்தான் செய்யல."

பகல் முழுக்க அவன் குழாய்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான், புற ஊதா விளக்கில் காட்டினான். ஒரே ஒரு மூடியின் பள்ளத்தில் கடுகளவு நீலம் ஒட்டியிருந்தது. ஏழின் கோடா, எட்டின் சுழியா, தெரியவில்லை. அந்தக் குழாயை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு எடுத்து மற்றவற்றோடு வைத்தான். பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதுவும் எண்ணில்லாத சேறுதான்.

மூன்று மணிக்குக் குழாய்களைத் தடித்த பையில் போட்டுக் கட்டினான். உயர் அழுத்த நீராவிக் கொதிகலனில் வைக்குமுன் பையில் எழுத வேண்டும்: என்ன பொருள், யார் எடுத்தது. இதுவரை இரண்டாவதற்குத் தன் பெயரையே எழுதி வந்தவன். கயிற்றில் தொங்கிய அழியாத பேனாவை எடுத்து, 'மண்' என்று எழுதி, அதன் கீழே 'ரெங்கசாமி' என்று எழுதினான்.

கதவை மூடித் திருகினான். நூற்று இருபத்தோரு டிகிரி.

ஒரு மணி நேரம் கழித்துக் குமுதா அக்கா கதவைத் திறந்ததும் ஆவியோடு வெந்த சதுப்பு மண்ணின் வாடை அறையெங்கும் பரவியது. வேலை முடிந்து வந்து வாசலில் கழற்றிப் போடும் அப்பாவின் பூட்ஸில் தினமும் இருந்த அதே வாடை.

"ஜன்னலத் தெறக்கவா தம்பி?"

"வேணாங்க்கா," என்றான் லோகன். "கொஞ்சம் இருக்கட்டும்."