நுரைத்துப் பொங்கிய ஆரத்தி

சேலையூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் கெமிஸ்ட்ரி லேபில் இருபத்திரண்டு வருடம் அட்டெண்டராக இருந்தவர் சிட்டிபாபு. டெஸ்ட் டியூப் கழுவுவதுதான் உத்தியோகம். பேச்சைக் கேட்டாலோ, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பெயர் வைத்ததே இவர்தானோ என்று தோன்றும். பிளஸ் டூ பிராக்டிகலில் உப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் முழிக்கும் பிள்ளைகள் பக்கம் போய் நிற்பார். ஒருதரம் இருமினால் குளோரைடு, இரண்டுதரம் இருமினால் சல்பேட். ஒரு வருடம் அவருக்கு நிஜமாகவே சளி பிடித்து, பாதி வகுப்பு கோட்டை விட்டது.

வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி பூங்காவனம் ரசம் ஊற்றினால் "இது அமிலம்" என்பார். சோப்பை எடுத்தால் "இது காரம்" என்பார். அந்தம்மா "ஆமாம் ஆமாம்" என்றபடி அடுத்த கரண்டியை ஊற்றுவாள்.

2006 ஆவணியில் மகன் தயாளன், பெருங்களத்தூர்ப் பெண் ஆஷாவை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டான். காதல், போதாததற்குப் பெண் கிறிஸ்தவப் பெண். சிட்டிபாபுவுக்குப் பூரண சம்மதம். அவருடைய அக்கா கன்னியம்மாவுக்குத்தான் இல்லை.

"வர்றவ கால் எப்டினு ஆரத்தி சுத்தறப்பவே தெரிஞ்சிடும்" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராசியில்லாதவள் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், தெரு முழுக்க அதையே பேசும். வந்த பெண் ஆயுசுக்கும் அதைச் சுமக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், பக்கத்துக் கேம்ப் ரோடு வந்ததும் தயாளன் மிஸ்டு கால் கொடுத்தான். பூங்காவனம் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பைப் போட்டாள். நன்றாகச் சிவந்தது. வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள். திரும்பி வந்து தட்டைத் தூக்கினால், பளிச்சென்று மஞ்சள். வாசலில் ஆட்டோ வந்து நின்று, பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கியாயிற்று.

"ஐயோ, ஆரத்தி செவக்கலியே! இன்னா சகுனம்டா இது?" என்று கன்னியம்மா ஆரம்பித்தாள்.

சிட்டிபாபு தட்டை முகர்ந்தார். எலுமிச்சை வாசம். "யாரு பழம் புழிஞ்சது?"

"நாந்தான். திருஷ்டிக்கு. அதுக்கின்னா இப்போ?" என்றாள் கன்னியம்மா.

அதுக்கு என்னவா? சுண்ணாம்பிலிருந்த காரத்தை எலுமிச்சையின் அமிலம் தின்று உப்பாக்கிவிட்டது. காரம் போனால் மஞ்சளின் சிவப்பும் போகும். வாழ்க்கையில் முதல்முறையாக, கெமிஸ்ட்ரி சொல்ல அவருக்கு நேரமில்லை. சுண்ணாம்பு டப்பாவும் காலி. துணி துவைக்கிற இடத்துக்கு ஓடினார். அங்கிருந்த வாஷிங் சோடாவும் காரம்தான். பதற்றத்தில் ஒரு கைப்பிடி அள்ளிவந்து தட்டில் போட்டார்.

சிவந்தது. சிவந்ததோடு நின்றிருக்கலாம். மிச்சமிருந்த எலுமிச்சை அமிலத்தில் சோடா பட்டுப் புஸ்ஸென்று நுரை கிளம்பி, தட்டைத் தாண்டிப் பூங்காவனத்தின் பட்டுப்புடவையில் வழிந்தது. வேடிக்கை பார்க்க வந்த தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. கன்னியம்மா இரண்டடி பின்வாங்கி வாயைத் திறந்தாள். தானே அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று சிட்டிபாபு கண்ணை மூடிக்கொண்டார்.

"பெரியத்தை, பால் பொங்குற மாதிரி பொங்குது பாருங்க!" என்றாள் ஆஷா. "நீங்க பழம் புழிஞ்ச கைராசி."

கன்னியம்மாவின் திறந்த வாய் அப்படியே சிரிப்பாக மாறியது. "பின்ன, சொம்மாவா? இன்னாடி பூங்காவனம் பாத்துகினு நிக்கற? சுத்துடி! கொளந்த எம்மா நேரம் வெயில்ல நிக்கும்?"

ஆரத்தி சுற்றியாயிற்று. வலது காலை வைத்து உள்ளே வந்த ஆஷா, மாமனார் காலைத் தொட்டு நிமிரும்போது அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மாமா, ஒரு ஸ்பூன் சோடாவே போதும். எலுமிச்சம்பழம் ஒண்ணுதானே?"

சிட்டிபாபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணா, ரெண்டான்னு அக்காவ கேக்கணும்மா" என்றார்.