வெள்ளிக்கிழமை மீன்

கலியாணம் முடித்துக் குருநகருக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, மாமி என் தட்டில் வைத்த விளைமீன் தலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த வீட்டில் மீன்தலை யாருக்குப் போகிறதோ அவருக்குத்தான் அன்றைய மரியாதை. நானோ தெல்லிப்பழைச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. மற்ற நாட்களில் மீன் சாப்பிட்டாலும், வெள்ளியில் மீன்சட்டியைத் தொடவும் மாட்டோம். கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

“ஏன் பிள்ளை, மீன் நாறுதோ?”

“இல்லை மாமி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

“ஓம், வெள்ளிக்கிழமை எண்டபடியால்தானே மீன் காய்ச்சினனான்!”

வெள்ளியில் இறைச்சியை விலக்கி மீன் உண்பது கத்தோலிக்கரான அவர்களுடைய நோன்பு. மீனையும் விலக்குவது எங்கள் விரதம். அவருடையது எனக்கு விளங்கவில்லை, என்னுடையது அவருக்கு விளங்கவில்லை. அடுத்த வெள்ளி அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது. அதற்கடுத்த வெள்ளியும் மரக்கறிதான். மாமி கண்மூடும்வரை வெள்ளிக்கிழமைகளில் அங்கே மீன் மணக்கவேயில்லை. ஏனென்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. என்னை மகளாக ஏற்றுக்கொண்டாரா, இல்லை மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தாரா? சில வெள்ளிகளில் அகப்பையைச் சட்டியில் ‘டங்’கென்று போடுவார். கோபம்தான் என்று முடிவு கட்டுவேன். அன்று பின்னேரமே கூப்பிட்டு இருத்தி என் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவார். எனக்குத் தலையும் விளங்காது, காலும் விளங்காது.

போன கிழமை லண்டனிலிருந்து மகள் கதைத்தாள். ஹலிபட் என்றொரு பெரிய தட்டை மீன் வாங்கினாளாம்.

“அம்மா, பழைய இங்கிலீசிலை ‘ஹலி’ எண்டால் புனிதம், ‘பட்’ எண்டால் தட்டை மீன். திருநாளிலை, நோன்பிலை சாப்பிடுறதாலை வந்த பேராம்.”

வெள்ளைக்காரனும் மாமியின் கட்சிதான்! சிரித்தேன். பிறகுதான் யோசனை வந்தது. அவ்வளவு புனிதமாக நினைத்ததையா அவர் விட்டார்? அன்பில் விட்டாரா, வீம்பில் விட்டாரா? பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம் வாய்விட்டே கேட்டேன்.

“எனக்கெண்டால் தெரியாது,” என்றார். “அக்கா வீட்டை போனாலும் அம்மா வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டா. அக்கா கேட்டால், ‘எங்கடை வீட்டிலை வெள்ளிக்கிழமை மீன் இல்லைப் பிள்ளை, மருமகள் விரதம்’ எண்டுவா.”

அத்தனை வருடமும் அவருக்குப் பக்கத்தில் இருந்து, பயந்து பயந்தல்லவா சாப்பிட்டேன்.