தூசி எந்த நாட்டுக் கணக்கில்?

அலுவலகத்தில் என் வேலை நாடுகளை ஒப்பிடுவது. காற்று, தண்ணீர், தூசி என்று ஒரு நாடு சட்டம் போட்டால் அதனால் என்ன செலவு, மக்களுக்கு என்ன நன்மை என்று கணக்குப் போடுவோம். போன வருடம் கல் அறுக்கும்போது பறக்கும் தூசி பற்றிய கணக்கு வந்தது. ஓர் ஐரோப்பிய நாட்டில் தண்ணீர் விடாமல் கல் அறுக்கக் கூடாது. அங்கே நன்மைதான் அதிகம் என்று வந்தது. அதே சட்டத்தை இங்கே கறாராகக் கொண்டுவந்தால் நஷ்டமாம். ஏனென்றால், பிழைக்கும் உயிருக்கு அந்தந்த நாட்டுச் சம்பளத்தை வைத்துத்தான் விலை போடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நம்ம ஆளுங்க நெஞ்சு என்ன தள்ளுபடியில வாங்கினதா சார்?” என்று மேலாளரிடம் கேட்டேன்.

“மெத்தட் அப்படித்தான் மேடம். பர்சனலா எடுத்துக்காதீங்க.”

எப்படி எடுத்துக்கொள்ளாமல் இருப்பது? என் அண்ணன் அத்திபெலே பக்கம் கிரானைட் அறுக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமையே நீலசந்திராவில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். இருமிக்கொண்டே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“ஞாயித்துக்கிழமை கூடவா?”

“எக்ஸ்போர்ட் ஆர்டரு பாப்பா. அங்க அறுக்கணும்னா ஆயிரம் ரூல்ஸாம். அதான் எல்லாக் கல்லும் இங்க வந்துடுச்சி,” என்றான் பெருமையாக. எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டால், நான் கணக்குப் போட்ட அதே நாடு.

“தண்ணி விட்டு அறுக்கறீங்களா இல்லியா?”

“டேங்கர் வந்தா விடுவோம்.”

அண்ணி அவன் சாப்பாட்டு டப்பாவில் ஒரு கட்டி வெல்லம் வைத்தாள். வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பது தங்கவயலிலிருந்து வந்த எங்கள் குடும்பத்து வைத்தியம். அங்கே தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே ஏறியதும் அப்பாவும் அதைத்தான் வாயில் போட்டுக்கொள்வார். இருமி இருமித்தான் செத்தார்.

“வெல்லம் வயித்துக்குத்தாண்ணா போவும். நெஞ்சுக்குப் போவாது,” என்று கத்திவிட்டேன்.

“அப்ப வேலைய வுட்டுடட்டா? நீயே சொல்லு.”

அழுகைதான் வந்தது.

திங்கட்கிழமை மேலாளரிடம் போய், இங்கே பறக்கும் தூசியை அந்த நாட்டின் செலவில் சேர்க்கலாம் என்றேன். அவர்கள் கணக்கில் அவர்கள் மக்கள் மட்டும்தான் வருவார்கள் என்றார். சரி, நம் பக்கம் சேர்ப்போம் என்றேன். இது அவர்கள் சட்டத்தால் வந்த தூசி, நம் சட்டத்தின் கணக்கில் வராது என்றார்.

“அப்ப எங்கண்ணன் எதுல சார் வருவான்?”

அவர் நல்ல மனிதர். உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார்.

“எதுலயும் வரமாட்டார் மேடம்.”