லா சப்பலில் ஒரு வெளிப்பிரசங்கம்

பிரெஞ்சுத் தலைநகருக்கு வெளியே நாங்கள் இருக்கிற கார்ஜ் பக்கத்தில் வேண்டாத சாமான்களை நடைபாதையில் வைத்துவிட்டால் நகரசபை வண்டி வந்து ஏற்றிப்போகும். கதிரை, மெத்தையோடு சட்டம் போட்ட படங்களும் மழையில் நனைந்துகொண்டிருக்கும். அப்படிக் கிடந்த பழைய அச்சுப்படம் ஒன்றை என் மனைவி எஸ்தர் தூக்கி வந்தாள். மெதடிஸ்ற் வெளிப்பிரசங்கம் என்று அடியில் ஆங்கிலத்தில் இருந்தது. மரத்தடியில் ஒரு போதகர் வண்டிமேல் ஏறிக் கையை உயர்த்தி நிற்கிறார். முன்னால் ஒரு பெண் அழுகிறாள். பின்னால் ஒருவன் அவர் குரலை அமுக்கக் கொம்பு ஊதுகிறான். அவர்கள் நடுவே ஒரு நாய். படத்தைத் துடைத்து மாட்டிய எஸ்தர், "லா சப்பல் தெருவிலை நானும் ஒருக்கால் நிண்டு பேசவேணும்" என்றாள். எனக்கு நித்திரை போயிற்று.

அவள் பருத்தித்துறை மெதடிஸ்ற் குடும்பம், நான் சைவம். கலியாணம் கட்டிய நாள்முதல் அவள் கோயிலுக்கு அவள், என் கோயிலுக்கு நான். தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறேன். எங்கள் சைவக் கோயில் சபையிலும் இருக்கிறேன். "ஆக்கள் வேலைக்கு வரமுதல் கந்தோரைக் கூட்டித் துடைச்சிட்டு வாறன். நாள் முழுக்க வாய் திறக்கிறேல்லை. மூச்சு முட்டுதப்பா. நீங்கள் பக்கத்திலை நிண்டால் காணும்" என்றாள். ஊரில் சந்தையடியில் உபதேசியார் பிரசங்கித்தால் என் தகப்பனார் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு கடந்து போவார். பின்னேரம் இருவரும் ஒரே கடையில் பிளேன்ரீ குடிப்பார்கள். அங்கே கேலிக்குப் பிறகும் உறவு இருந்தது. இங்கே ஒரு கேலி ரயிலேறி எங்கள் ஆக்கள் இருக்கிற ஓல்னே வரைக்கும் போய்விடும்; திரும்பி வராது.

ஞாயிற்றுக்கிழமை லா சப்பலில் என் கடைக்கு முன்னால் மரக்கறிப் பெட்டியைக் கவிழ்த்து அதில் ஏறினாள். பக்கத்துக் கடைக்காரத் தம்பி வாசலுக்கே வந்துவிட்டான். "அண்ணை, அக்கா இவ்வளவு காலமா உங்களையே மாத்தேல்லை, இனி ஊரை மாத்தப் போறாவோ?" ஒரு பிரெஞ்சுக் கிழவர் என்னிடம் வேலைநிறுத்தமா என்று கேட்டார். இல்லை, கடவுளுக்காக என்றேன். என்ன விளங்கினாரோ, என் கையை இறுக்கிப் பிடித்து "கூராஜ்!" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். கிழமைக் கணக்காகப் பாடமாக்கிய முதல் வரி எஸ்தருக்கு மறந்துபோயிற்று. "எல்லாரும் சாப்பிட்டிட்டியளே?" என்று தொடங்கினாள். தெரு சிரித்தது. ஆனால் சாமான் பையோடு போன இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி, "ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்றாள்.

எஸ்தரின் குரல் ஏறியது. கையை உயர்த்தியதில் பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. என் வலது பாதத்தைப் பெட்டி விளிம்பில் அழுத்தி ஊன்றினேன். முகத்தை மட்டும் தெருவின் மறுபக்கம் திருப்பி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல் நின்றேன்.