ஆரையம்பதிக்குத் தூது போனேன்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கெட்ட காரியம் செய்தேன். நல்ல காரியம் என்று நினைத்துத்தான்! ஒரு சீப்பு கதலிப்பழமும் பிஸ்கட் பெட்டியும் வாங்கிக்கொண்டு, ஓட்டோ பிடித்து ஆரையம்பதிக்குப் போனேன்.

அங்கே சுகந்தி இருக்கிறாள். வாவிக்கரையில் இறால் பொதி செய்யும் ஓரிடத்தில் வேலை பார்த்தவள். அங்கேதான் முதலாளி அவளை அடித்து, கையை முறுக்கி, பலாத்காரம் செய்தான். பொலிஸ் வழக்கு ஒரு பக்கம் இழுபடுகிறது. அவள் தன் பங்குக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டும் வழக்குப் போட்டிருக்கிறாள்.

ஊருக்கு வேறென்ன வேண்டும்? "காசுக்குத்தானே இந்த ஆட்டம்" என்றார்கள். சொன்னவர்களைத் திட்டிவிட்டு வந்து, நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்லி என்ன?

முதலாளியின் அக்கா எங்கள் தெருதான். வீட்டுக்கே வந்துவிட்டார். "நீங்க பேப்பர்ல எழுதுறவங்க, உங்கட சொல்ல அவள் கேப்பாள். கேட்டதுக்கு ரெண்டு மடங்கு தாறம். வழக்க வாபஸ் எடுக்கட்டும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கிளம்பிவிட்டேன்.

சுகந்தி தேநீர் கொண்டுவந்தாள் — வலது கையால் மட்டும், ஒவ்வொரு கோப்பையாக. இடது மணிக்கட்டு இன்னும் சரியாகத் திரும்பாது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் செய்தது எண்டு எழுதித் தருவாங்களாக்கா?"

"இல்ல புள்ள... அப்பிடி ஒண்டும் நடக்கல்ல எண்டு நீதான் கையெழுத்து வைக்கணுமாம்."

"நடக்காததுக்கு என்னத்துக்குக்கா ரெண்டு மடங்கு?"

பிஸ்கட் பெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

"எனக்குக் காசு வேணும்தான். கைக்கு வைத்தியம் பாக்கணும், வேலையும் இல்ல. ஆனா அவன் செய்தான் எண்டு நீதிபதி எழுதி, அதுக்காக அவன் தரணும்."

வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே வெட்கம்.

எழுந்தபோது கேட்டாள்: "நீங்க இப்ப வந்து பேசினத, லோயர் கூப்பிட்டா கோட்டில வந்து சொல்லுவீங்களா?"

முதலாளியின் அக்காவைத் தினமும் தெருவில் பார்க்க வேண்டும். கோயிலில் பார்க்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றன்" என்று நழுவிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சுகந்திக்குப் போன் எடுத்து, "ஓம், வாறன்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு இரண்டு நாள் வேண்டியிருந்தது. அவளோ இதே ஊர்ப்பேச்சுக்கு நடுவில், இதே முகங்களுக்கு முன்னால், மூன்று வருடமாக நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்... தனியாக.