காட்டிக் குடுக்கிற வேஷம்

எங்கள் வீட்டில் யாரையும் நம்பக்கூடாது என்பது எழுதாத சட்டம். மூலைக் கடைக்காரன் மிச்சக் காசைத் தரும்போது சிரித்துவிட்டால், அவன் ஏன் சிரித்தான் என்று அப்பா வீடு வந்துசேரும் வரை யோசிப்பார். மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. பூட்டின பெட்டிகளோடு பழகிப் பழகி வந்த குணம் என்று அம்மா கேலி செய்வாள். அம்மாவும் லேசுப்பட்டவள் அல்ல. யாராவது கதவைத் தட்டினால் முதலில் டிவியை நிறுத்திவிட்டுத்தான் யாரென்று கேட்பாள்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமா எங்களோடு வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. ஊரில் சண்டை முடிந்தபின் எப்படியோ தப்பி வந்தவர். அவருடைய அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது வீட்டில் எனக்குக்கூடத் தெரியும். அதனால் சட்டம் இன்னும் இறுகியது. வீட்டில் யார் யார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் அம்மா, அப்பா, நான் என்று மட்டும் சொல்லவேண்டும். மாமா ஒளிந்து இருக்கவில்லை, சட்டப்படிதான் இருந்தார். ஆனாலும் வாயைக் கொடுத்து வம்பை வாங்குவானேன் என்பது அப்பாவின் கட்சி.

அந்த வருடம்தான் மதாம் எங்களுக்கு அந்தப் பயணத்தைப் படிப்பித்தார். மதாம் என்பது எங்கள் வகுப்பு ஆசிரியை. அமெரிக்கா புதிதாக வாங்கிய நிலத்தைப் பார்த்துவர இரண்டு கப்டன்கள் ஒரு சிறு படையோடு மேற்குக் கடலைத் தேடிப் போன கதை அது. அமெரிக்கக் கதை மொன்றியலில் எதற்கு என்றால், அந்தப் படகுகளில் துடுப்புப் போட்டவர்களிலும் மொழிபெயர்த்தவர்களிலும் இந்தப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரர் இருந்தார்களாம். நம்மாள் இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது என்ற பெருமை எல்லா ஊருக்கும் பொது.

கதையை நாடகமாகப் போடுவது என்று முடிவானது. எனக்குக் கப்டனாக ஆசை. மதாம் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். என் கறுத்த நீளப் பின்னலில் அவர் கண் நின்றது. மொழிபெயர்ப்பாளனின் இளம் மனைவி, கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு படையோடு நடந்த ஆதிக்குடிப் பெண், அந்த வேஷம் எனக்கு வந்தது. அவள்தான் கதையின் ராணி என்று மதாம் சொன்னதும் கப்டன் ஆசை பறந்துவிட்டது.

வீட்டில் பிரெஞ்சு பேசினால் யாருக்கும் விளங்காது. என்னிடம் இருந்த தமிழைக் கூட்டிச் சேர்த்து இரவுச் சாப்பாட்டில் அறிவித்தேன்.

"ஆமிக்காரர் வருவினம். நான் முன்னுக்குப் போய் எல்லாத்தையும் காட்டிக் குடுப்பன்."

அம்மாவின் கை புட்டுக் கோப்பைக்குள் அப்படியே நின்றது. மாமா எழுந்து கைகழுவப் போனார். அவர் இன்னும் சாப்பிடத் தொடங்கியிருக்கவில்லை.

நான் செய்த பிழை எனக்குத் தெரியாது. சொல்லிக் குடுப்பது நல்ல காரியம், எடுத்துக் குடுப்பது நல்ல காரியம், அப்படியென்றால் காட்டிக் குடுப்பது மட்டும் எப்படிக் கெட்டதாகும்? பாதை காட்டுவதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னதாகவே நினைத்தேன்.

அப்பா துருவத் தொடங்கினார். இத்தனை பிள்ளைகள் இருக்க, ஏன் எங்கள் பிள்ளையைத் தேடிப் பிடித்தார்கள்? மாமாவைப் பற்றி யாராவது அந்த ஆசிரியைக்கு ஊதியிருக்கிறார்களா? நாடகத்துக்கு வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிவரச் சொன்னது எதற்கு? அடுத்த நாள் வேஷத்தைப் பறிக்க என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார். அவருக்குப் பிரெஞ்சு வராது. என் வேஷத்தை என்னிடமிருந்து பறிக்க நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

மதாம் பொறுமையாக விளக்கினார். அந்தப் பெண் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. அவள் இல்லாவிட்டால் அவர்கள் பட்டினியில் செத்திருப்பார்கள். அப்பா மேசையையே பார்த்தபடி கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவவுக்கு என்ன குடுத்தவை எண்டு கேள்."

கேட்டேன். புருஷனுக்குச் சம்பளமும் காணியும் கொடுத்தார்கள், அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்றார் மதாம்.

அப்பாவின் முகம் தெளிந்தது. அப்படியென்றால் உண்மைக் கதைதான் என்று சொல்லிவிட்டு எழுந்தார். வேஷம் தப்பியது.

நாடகத்தன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. மாமாதான் வந்தார், அதுவும் தானாகக் கேட்டு. எனக்கு அதில் சந்தோஷம் தாங்கவில்லை. ஜிம் மண்டபத்தில் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருந்தார்.

என் பெரிய காட்சி கடைசியில் வந்தது. மலையடிவாரத்தில் படையினர் அந்நியர் கூட்டம் ஒன்றைச் சந்திக்கிறார்கள். அதில் அந்தப் பெண் சின்ன வயதில் பிரிந்த சொந்த அண்ணன் இருக்கிறான். உண்மையில் எப்படி நடந்ததோ தெரியாது, மதாம் அதைத் தன் இஷ்டத்துக்கு அமைத்திருந்தார். பெடியன்கள் வரிசையாக நிற்பார்கள். நான் கண் மட்டும் தெரியத் தலையில் போர்வையை மூடிக்கொண்டு, கப்டன்கள் இரண்டு பக்கமும் வர, ஒவ்வொரு முகமாகப் பார்த்து நடக்கவேண்டும். அண்ணனுக்கு முன்னால் நின்று மெதுவாகத் தலையை ஆட்டவேண்டும். பிறகு கட்டிப்பிடிக்கவேண்டும்.

ஹெய்ட்டிப் பெடியன் ஒருவன்தான் என் அண்ணன். அவனுக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினேன். கட்டிப்பிடித்ததும் கைதட்டல் கிளம்பியது. நான் கதவுப் பக்கம் பார்த்தேன். மாமாவின் கதிரை வெறுமையாக இருந்தது.

தலையாட்டி என்ற சொல்லைக் கேள்விப்பட எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. ஊரில் ஆமி சுற்றிவளைத்தால் ஆண்களை வரிசையில் நிறுத்துமாம். தலையில் சாக்கு மூடிய ஒருவனைக் கொண்டுவந்து வைப்பார்களாம். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவனை ஏற்றிக்கொண்டு போவார்கள். சாக்குக்குள் இருப்பவனும் அநேகமாகப் பிடிபட்டவன்தான்.

மாமா வெளியே பனியில் நின்றார். என் நடிப்புப் பிடிக்கவில்லையாக்கும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நடந்தோம். வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போது அவர் கேட்டார்.

"அந்தப் பெடியனைப் பிறகு என்ன செய்தவை?"

"ஒண்டும் செய்யேல்லை மாமா. எல்லாரும் சிநேகிதம் ஆகிட்டினம்."

மாமா என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

"ஓம் பிள்ளை. நீ தலையை ஆட்டினாப் போதும், அவங்களை ஒண்டும் செய்யமாட்டம் எண்டுதான் எனக்கும் சொன்னவை."

என் கோபமெல்லாம் போய்விட்டது. மாமாவும் சின்னதில் நாடகம் நடித்திருக்கிறார், அவருக்கும் இதே வேஷம்தான் கிடைத்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கும் நல்லாய்க் கைதட்டினவையோ என்று கேட்டேன்.