அக்கரை வெயில்

நான் நாலாம் வகுப்பில் படித்தபோது, எங்கள் மொன்றியல் பியர்பொன்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சுவிஸ் கிராமத்தைக் கட்டினேன். கட்டினேன் என்பது கொஞ்சம் கூடுதலான பேச்சு. அட்டைப்பெட்டியை வெட்டியது சித்தி, பசை பூசியது சித்தி, மலை சரிந்து ஏரிக்குள் விழுந்தபோது தூக்கி நிமிர்த்தியதும் சித்தி. நான் பக்கத்தில் நின்று அதிகாரம் செய்தேன். கிராமம் எழும்பி முடியும்வரை வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

ஆளுக்கொரு தூரத்துக் கிராமத்தை எடுத்து, அங்கே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வகுப்புக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதுதான் ஆசிரியை தந்த வேலை. மற்றப் பிள்ளைகள் நூலகத்துக்குப் போனார்கள். எனக்கு அப்பா வழி காட்டினார். “சுவிஸில எங்களுக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார். ஏரிக்கரைக் கிராமம். அவரையே கேட்டாப் போச்சு” என்றார். வழக்கமாக என் பள்ளிக்கூட வேலை என்றதும் சோபாவில் கண்ணை மூடிக்கொள்கிறவர், அந்தக் குளிருக்குள் தெருமுனை டெப்பனர் கடைக்கு நடந்துபோய் டெலிபோன் கார்ட் வாங்கி வந்தார். என் படிப்பில் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தத் தெரிந்த ஆள், சித்திக்குப் பேசி வந்த மாப்பிள்ளை. அது எனக்கும் தெரியும். ஆனால் அதற்கும் என் பள்ளிக்கூட வேலைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குப் படவேயில்லை. சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்துகொண்டு ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை செய்தார். சுவிஸ்காரரின் படம் வந்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆள் நல்லவர் போலதான் கிடக்கு. ஆனா இந்த வெயிலை விட்டிட்டு நான் ஒரு இடமும் போகமாட்டன்” என்று சொல்லிவிட்டார்.

மொன்றியலில் வெயிலா என்று சிரிப்பவர்கள் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்ததில்லை. தை மாதத்தில் வெளியே போனால் மூக்கு விறைத்துப் போகும். ஆனால் வானம் பளிச்சென்று இருக்கும், கண்ணாடி வழியாக வெயில் வந்து கொட்டும். லீவு நாட்களில் சித்தி கோப்பியும் கதிரையுமாக அந்த வெயிலின் பின்னால் முன்னறையிலிருந்து குசினிவரை நகர்ந்துகொண்டே போவார். பூனை தோற்றுவிடும் என்று அம்மா திட்டுவார். சுவிஸ்காரரோடு ஒருதரம் கதைத்துத்தான் பாரேன் என்று அம்மா கெஞ்சினார், கோவித்தார், ஒருநாள் அழுதும் பார்த்தார். சித்தி போனைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலையில் அப்பா நம்பரை அடித்துப் போனை என் கையில் தந்தார். அங்கே அவர் வேலை செய்த ஹோட்டல் சமையலறையில் மத்தியானப் பரபரப்பு முடிந்து, அவருக்கு ஓய்வு நேரம். நான் கம்பீரமாகத்தான் தொடங்கினேன். ஆனால் அவருக்குத் தெரிந்தது தமிழும் ஜெர்மனும், எனக்குத் தெரிந்தது பிரெஞ்சு. என் தமிழ் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் காணும். ஏரியும் மலையும் அதற்குள் அடங்கவில்லை.

“பிள்ளை தட்டுத்தடுமாறுது. நீர் ஒருக்காக் கேட்டுச் சொல்லுமன்” என்று அப்பா சித்தியைக் கூப்பிட்டார். கூப்பிட்ட கையோடு எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். குசினியில் அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

சித்திக்கு என்னில் உயிர். எனக்காகத்தான் வந்து போனுக்கு முன்னால் இருந்தார். “பிள்ளை கேக்கிறாள், உங்கட ஊர் எவ்வளவு பெரிசு எண்டு” என்று சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

“பெரிசெண்டு சொல்ல ஏலாது. மலைக்கும் தண்ணிக்கும் நடுவில ஒரு றோட்டு, ஒரு றெயில் பாதை. மிச்ச இடத்தில நாங்கள்” என்றார் அவர்.

அவருடைய குரல் எனக்குப் பிடித்துப்போனது. அவசரமில்லாத குரல். கடைக்காரி மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவாளாம். ஞாயிற்றுக்கிழமையில் புல் வெட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவாராம். மலையிலிருந்து சில நாட்களில் ஒரு சூட்டுக் காற்று இறங்கும், அன்றைக்கு ஏரி கடல்போல எழும்ப, படகெல்லாம் கரையிலேயே நிற்கும், ஊரில் பாதிப்பேருக்குத் தலையிடி. கோடை முழுக்க மலையில் மேய்ந்த மாடுகளைக் குளிர் தொடங்குமுன் தலையில் பூ வைத்துக் கீழே கூட்டி வருவார்களாம்.

“மாட்டுக்குப் பூவோ?” என்றார் சித்தி, சுவரை விட்டுவிட்டு.

“ஓம், எங்கட பட்டிப்பொங்கல் மாதிரித்தான். மணி மட்டும் கொஞ்சம் பெரிசு.”

சித்தி சிரித்தார். அப்பாவின் பேப்பர் மெல்ல ஆடியது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், குளிர்காலத்தில் அங்கே எப்படி என்று கேட்கும்படி நான் சித்தியின் கையைச் சுரண்டினேன்.

சித்தி கேட்டதும் சுவிஸ்காரர் கொஞ்சம் தயங்கினார். “உண்மையைச் சொல்லவேணும். நவம்பரில வெயில் மலைக்குப் பின்னால போயிடும். பேந்து மாசி வரைக்கும் எங்கட கரைக்கு வராது. அக்கரையில நல்லா எறிக்கும். நாங்கள் இஞ்சால நிண்டு பாத்துக்கொண்டிருப்பம்.”

பேப்பர் அப்பாவின் மடியில் விழுந்தது. “விசரன்” என்று வாய்க்குள் சொன்னார். இனிக் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல அம்மா குழாயைத் திறந்துவிட்டார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வெயிலே வராத கிராமம் வகுப்பில் வேறு யாருக்குக் கிடைக்கப்போகிறது?

சித்தி கதிரையைப் போனுக்குக் கிட்ட இழுத்தார். பிறகு, “அப்ப நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?” என்று கேட்டார். பிள்ளை கேட்கிறாள் என்று சொல்ல மறந்துவிட்டார்.

“லீவு நாளில படகெடுத்து அக்கரைக்குப் போவன். படகுத்துறையில ஒரு நீட்டு மர வாங்கு கிடக்கு. அதில குந்தியிருந்து கோப்பி குடிச்சு, வெயில் இறங்கினாப்பிறகு திரும்பி வருவன்.”

“தனியவோ?”

“இவ்வளவு நாளும் தனியத்தான்.”

குழாய் மறுபடியும் நின்றது. சித்தி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பிள்ளை கேக்கிறாள், அந்த வாங்கில எத்தினை பேர் இருக்கலாம் எண்டு.”

நான் அப்படிக் கேட்கவேயில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா தன் காலால் என் காலை ஒரு அமுக்கு அமுக்கினார்.

“ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம்” என்றார், இன்று நான் சித்தப்பா என்று கூப்பிடும் அந்த மனிதர்.

அன்று வீடே பண்டிகை நாள்போல இருந்தது. நல்ல நாளுக்கு மட்டும் செய்யும் மீன் கட்லட்டை அம்மா பொரித்தார். அப்பா காரணமில்லாமல் என் தலையைத் தடவி, கெட்டிக்காரி என்றார். என் பள்ளிக்கூட வேலை இவ்வளவு சிறப்பாக அமைந்ததற்குத்தான் இந்தக் கொண்டாட்டம் என்று எண்ணி, நான் பெருந்தன்மையாக எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன்.

பின்னேரம் சித்தி தானாகவே நெருப்புப்பெட்டியில் ஒரு படகு செய்தார். அதில் குச்சியால் இரண்டு பேரைச் செய்து இருத்தி, நீலக் கடதாசி ஏரியின் நடுவில், அக்கரையைப் பார்க்க வைத்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஊர்ப் படகு என்றால் ஊர்ச்சனம் ஏற வேண்டாமா? ஆசிரியை புள்ளியைக் குறைத்துவிடுவார். நான் உட்கார்ந்து களிமண்ணில் ஆட்களை உருட்டி உருட்டி அந்தப் படகை நிரப்பினேன்.

சித்தி வந்து பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார். “இவ்வளவு பேரையும் ஏத்தினா நான் எங்கையடி இருக்கிறது?”

“உங்களுக்கு ஏன் இடம்? நீங்கள் இஞ்சைதானே இருக்கப்போறீங்கள்” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. என்னை இழுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். பிறகு, ஒரேயொரு ஆளையாவது இறக்கிவிடும்படி என் காதுக்குள் கெஞ்சினார். நான் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.